குடைக்குப் பின்னால் மறைந்த போட்டு

எங்கள் வீட்டில் அப்பாவின் மீன்பிடிப் போட்டு இருக்கிற ஒரே படம், அதை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று எடுத்தது. நடுவில் சாமியார், இரண்டு பக்கமும் அத்தைமார், எல்லாரும் பளிச்சென்று இருக்கிறார்கள். போட்டுதான் இல்லை. பெரிய அத்தை விரித்த குடைக்கு மேலே, போட்டை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் பலகையில் ‘மேரி’ என்று இரண்டே எழுத்து தெரியும்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னத்துறையில், தொழில் கொச்சியில் உள்ள தொப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில். எங்கள் தூத்தூர் பக்கத்து ஊர்களில் இது சாதாரணம். அப்பா அந்தப் போட்டில் சிராங்கு, அதாவது போட்டை ஓட்டுகிறவர். சுறாவுக்குத் தூண்டில் போடப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். போட்டு பழசாகி விற்றபோது அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆயினிப் பலகைகள் விறகாகப் போயின. லேலண்டு எஞ்சினை ஒருவர் கழற்றிக்கொண்டு போனார். இன்று அதில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்த ஆற்றாமையில்தான் கொச்சிக்குப் போகும்போதெல்லாம் பழைய கப்பல்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கேமராவோடு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரு கோபம் உண்டு. சீனவலை, அதன் பின்னால் மறைகிற சூரியன், முடிந்தது. நடுவில் கடலடி மண்ணை அள்ளும் துருவேறிய டிரெட்ஜர் கப்பல் ஒன்று வந்தால் ‘அது போகட்டும்’ என்று காத்திருப்பார்கள். அது அள்ளாவிட்டால் கொச்சியில் துறைமுகமே கிடையாது. 1920இல் வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டித்தான் பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவந்தார். அப்படித் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டானதுதான் வில்லிங்டன் தீவு. இன்றும் சேறு வந்து அடைந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு. கரையில் கிடந்து மக்கிப்போன போட்டு, அதன்மேல் ஒரு காக்கை. லைக் குவியும். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காமல் செத்த வீட்டுக்கு மட்டும் வருகிற சொந்தக்காரர் மாதிரிதான் இது. ஓடுகிறபோது எடுங்கள் ஐயா. புகை கக்கட்டும், பெயிண்ட் உரிந்திருக்கட்டும்.

துறைமுகத்துக்குள் கேமராவோடு விடமாட்டார்கள், சரி. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எறணாகுளம் போகும் அரசு போட்டில் ஓரமாக உட்கார்ந்தாலே பாதி கப்பல்கள் கண்ணெதிரே வரும். நான் முதலில் அமரத்தை, அதாவது கப்பலின் பின்பக்கத்தைத்தான் எடுப்பேன். பெயரும் பதிவான ஊரும் அங்கே இருக்கும். பெரிய கப்பலாக இருந்தால் ஐஎம்ஓ என்று போட்டு ஏழு இலக்க எண் ஒன்றும் இருக்கும். விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், அந்த எண் மாறாது. பத்து வருஷம் கழித்து குஜராத்தின் அலங்கில் உடைக்கக் கிடந்தாலும் இன்ன கப்பல் என்று கண்டுபிடித்துவிடலாம். நம் போட்டுகளுக்குப் பதிவு எண் முன்பக்கத்து அணியத்தில் இருக்கும். அதையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் குடை மறைத்துவிட்டது.

போன மாதம் தொப்பும்படியில் எடுத்த படங்களை அம்மாவிடம் காட்டினேன். நீல உடம்பு, ஆரஞ்சு வீல்ஹவுஸ், காலை வெயில், எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. விரலால் பெரிதாக்கி, ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த வெள்ளைக் கேன்களை எண்ணினாள்.

“குடிதண்ணி இவ்வளவுதான் கொண்டு போறாவளா? எத்தன ஆளு?”

தெரியாது என்றேன்.

“சோறு பொங்குறவன எங்க மக்கா? அவனக் காணலியே.”

இந்த முறை அவரைத் தேடித்தான் போனேன். பின்பக்கம் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில் அடுப்பு, அதைச் சுற்றிப் பாத்திரம் உருளாமல் இருக்க ஒரு இரும்பு வளையம். கிராத்தூர்க்காரர், அறுபது வயதிருக்கும். போனை நீட்டியதும், “நில்லு பிள்ளே, சட்ட போட்டுட்டு வாரேன்” என்று உள்ளே போனார். அவர் வருவதற்குள் மீன்கறி பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டேன்.