‘மற்றும் குழுவினர்’ என்று எங்கள் யாருக்கும் பெயர் கிடையாது

எங்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு அடித்த போஸ்டரை நேற்றுப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஐந்து பேர் வாசிக்கிற ராக் பேண்ட் நாங்கள். போஸ்டரில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு பாடகனின் முகம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் அவன் பெயர், அடியில் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிற அளவில் ‘மற்றும் குழுவினர்’. பேண்டுக்கு என்று ஒரு பெயர் இருக்கிறதே, மூன்று வாரம் சண்டை போட்டு வைத்த பெயர், அதைக்கூடக் காணோம்.

சரி, போஸ்டர் அடித்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று விட்டுவிடலாம். போன வாரம் எங்கள் பாடகன் கொடுத்த பேட்டியை எப்படி விடுவது? பேண்ட் எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி தனக்குத் தோன்றியதாம், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டானாம். பச்சைப் பொய்! அவன் வந்தபோது பேண்டுக்கு எட்டு மாசம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பாட ஆள் வேண்டும் என்று நாங்கள் தேடி, மூன்று பேரைப் பாட வைத்துப் பார்த்து, நான்காவதாக வந்தவன் அவன். நன்றாகப் பாடினான், இன்றைக்கும் நன்றாகத்தான் பாடுகிறான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் பிறப்பிக்காத ஒன்றுக்கு அவன் எப்படித் தகப்பன் ஆவான்?

ஆரம்பித்தது எங்கள் முதல் டிரம்மர். அவன் வீட்டு மாடி அறைதான் எங்கள் ஒத்திகை இடம். அந்தக் குறுகலான படியில் கிக் டிரம்மை, அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அதன் கால் சுவரில் உரசி நீளமாக ஒரு கோடு விழுந்தது, அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று சுண்ணாம்பைத் தடவி மறைத்தோம். கீழே சத்தம் போகக்கூடாது என்று டிரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்து, மிதிக்க மிதிக்க முன்னால் நழுவுகிறதே என்று அடியில் பழைய கம்பளத்தை விரித்து, ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்துத்தான் முதல் பாட்டைப் போட்டோம். இன்றைக்குக் கூட்டம் கூடவே சேர்ந்து பாடுகிறதே, அந்தப் பாட்டின் தாளம் அந்த அறையில் அவன் தொடை மேல் தட்டிக் காட்டியது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அவன் வேலைக்குப் போக வேண்டி வந்தது, விலகினான். விலகினால் ஆரம்பித்தது இல்லை என்று ஆகிவிடுமா?

நான் பேஸ் கிடார் வாசிக்கிறேன். எங்கள் ஆட்கள் படுகிற பாடு தனி. பேஸின் தடித்த தந்தியை மீட்டினால் வருகிற அடிப்படைச் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த சத்தம், கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதனால் கைபேசியில் எடுத்த வீடியோவைக் கைபேசியிலேயே பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா நின்று தலையாட்டுகிற மாதிரித்தான் தெரிகிறது. ‘இவர் என்ன பண்ணுகிறார்?’ என்று கேட்டவர்களே உண்டு. ஒரு தடவை என் கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் நடுப்பாட்டில் நின்றுபோனது, அரை நிமிஷத்தில் முன்வரிசை ஆட்டம் அடங்கி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று அவர்களுக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இது எங்கள் பேண்டின் கதை மட்டுமா? இங்கிலாந்தின் பெரிய ராக் பேண்ட் ரோலிங் ஸ்டோன்ஸ் ஆரம்பித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1962ல் அதைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் ஆள் தேடிக் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்து சேர்ந்தவர் பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட். அடுத்த வருஷமே மேனேஜர் அவரைப் பேண்டின் முகத்திலிருந்து எடுத்துவிட்டார்: ஆறு பேர் அதிகமாம், அவருடைய தோற்றமும் ஒத்துவரவில்லையாம். மனுஷர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வண்டி ஓட்டினார், கருவிகளைச் சுமந்தார், 1985ல் சாகும்வரை அவர்களுக்குப் பியானோவும் வாசித்தார். படிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1989ல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தபோது அவர் பெயரையும் சேர்த்தார்கள், செத்து மூன்று வருஷம் கழித்து.

பீட்டில்ஸில் பீட் பெஸ்ட் இரண்டு வருஷம் டிரம்ஸ் வாசித்து, முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) வெளிவர இரண்டு மாசம்கூட இல்லாதபோது, 1962 ஆகஸ்டில் வெளியே அனுப்பப்பட்டார். 1995ல் பழைய பதிவுகளை அவர்கள் தொகுத்து வெளியிட்டார்கள், அவர் வாசித்த பாட்டுகளும் அதில் இருந்தன. அட்டையில் இருந்த பழைய படத்தில் அவர் முகம் இருந்த இடத்தை மட்டும் கிழித்துவிட்டிருந்தார்கள். கிழித்தேவிட்டார்கள்! வாசிப்பு வேண்டும், முகம் வேண்டாம்.

உண்மையைச் சொல்கிற பேண்டும் இருக்கிறது. யூ2 எப்படி ஆரம்பித்தது என்று யாரைக் கேட்டாலும், 1976ல் டப்ளினில் பள்ளி அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டி ஆள் சேர்த்தது டிரம்மர் லாரி முல்லன்தான் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு 14 வயது, அவர் வீட்டுச் சமையலறையில்தான் எல்லாரும் கூடினார்கள். பாடகர் போனோ உலகம் முழுக்கத் தெரிந்த முகம். முல்லன் ஆரம்பித்தார் என்று சொல்வதால் அந்த முகத்துக்கு என்ன குறைந்துவிட்டது?

பேட்டி வந்த அன்றைக்கே எங்கள் முதல் டிரம்மருக்குப் போன் பண்ணினேன். அவனும் படித்திருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் ‘அந்தக் கம்பளம் இன்னும் என்கிட்டதான்டா இருக்கு’ என்றான். நேற்று, இப்படி ஒன்று எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். ‘வேண்டாம், விடுடா’ என்றான். அதனால்தான் இங்கே அவன் பெயர் இல்லை. ஆனால் போஸ்டரில் இருந்தே ஆக வேண்டும், அதற்கு அவனைச் சம்மதிக்க வைப்பது என் பாடு.

காலையில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஆறு வரி அனுப்பினேன். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று ஐந்து வரி, பேண்டைத் தொடங்கியவர் யார் என்று ஒரு வரி. இடம் இல்லை என்று பதில் வந்தது. பாதிப் போஸ்டருக்கு ஒரே முகம் இருக்கும்போது ஆறு வரிக்கு இடம் இல்லையாம். பாடகனுக்கும் இதே ஆறு வரியை அனுப்பிவிட்டேன், பார்த்துவிட்டான், இன்னும் பதில் இல்லை. சனிக்கிழமைக்குள் புதுப் போஸ்டர் வரவேண்டும். வராவிட்டால் நிகழ்ச்சி அன்றைக்கு நான் மேடை ஏறப்போவதில்லை.