பிரேக்கை மிதித்தால் மீண்டும் அதே உதறல்

சென்ற வாரம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் சென்ற லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது. நானும் பிரேக்கை மிதித்தேன். அவ்வளவுதான், ஸ்டீயரிங் என் இரண்டு கைகளுக்குள்ளும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிட்டது. ஒன்றரை ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளான டிஸ்க்குகளை இரண்டு முறை மாற்றியாயிற்று, அவற்றை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் இரண்டு முறை மாற்றியாயிற்று, இடையில் தேவையே இல்லாமல் வீல் அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் செய்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஐயாயிரம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாக அந்த உதறல் திரும்பி வந்துவிடுகிறது.

எனக்கு ஆத்திரம் பழுது திரும்பி வந்ததில் இல்லை. இத்தனை முறை சக்கரத்தைக் கழற்றியவர்களில் ஒருவர்கூட, ஒரே ஒரு முறைகூட, எதையும் அளந்து பார்க்கவில்லை என்பதில்தான்.

முதல் முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோதே தெளிவாகச் சொன்னேன்: பிரேக்கை மிதிக்கும்போது மட்டும்தான் உதறுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் வண்டியை பேலன்சிங் எந்திரத்துக்கு அனுப்பினார்கள். சக்கரத்தின் எடை சமநிலையில் இல்லையென்றால் பிரேக்கைத் தொடாமலேயே குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மெண்ட் தவறியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். இதில் எதுவுமே என் வண்டியில் இல்லை. வாடிக்கையாளர் சொல்வதை முழுதாகக் காதில் வாங்கினாலே பாதி வேலை மிச்சமாகும் இடத்தில், “உதறல்” என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பில் போட்டார்கள்.

அடுத்து வந்த விளக்கம், “டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்பது. சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டதாகச் சொல்வது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் உதறலுக்குக் காரணம், டிஸ்க்கின் தடிமன் சுற்றுமுழுதும் ஒரே சீராக இல்லாமல் போவதுதான். சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் மீது புதிய டிஸ்க்கைப் பொருத்தும்போது ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால், டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வு நடுவில் கண்ணுக்கே தெரியாது. வெளிவிளிம்புக்குப் போகப் போக அதிகமாகும். பல கார்களில் டிஸ்க் சுழலும்போது அனுமதிக்கப்படும் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மில்லிமீட்டர் அளவுதான், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அதைத் தாண்டினால், நாம் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே பகுதி பேடில் உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்தப் பகுதி மட்டும் மெலிந்துவிடும். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் பேடுகள் தடித்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் மாறி மாறிப் பிடிக்க, அதுதான் ஸ்டீயரிங்கில் உதறலாக வருகிறது. டிஸ்க்கை மாற்றிய அன்று வண்டி உதறாமல் சீராக நிற்பதும், பில்லைக் கட்டி மாதங்கள் கழித்து உதறல் திரும்புவதும் இதனால்தான். துருவை அப்படியே விட்டுவிட்டுப் புதிய டிஸ்க்கை மாட்டுவது, அடுத்த உதறலையும் சேர்த்து மாட்டுவதுதான்.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போய், கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். டிஸ்க் கையோடு வரவில்லை. சுத்தியலால் பலமுறை தட்டிய பிறகுதான் கழன்றது. ஹப்பின் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது. பாதி வட்டத்தில் உதிர்ந்து இரும்பு தெரிந்தது, மறுபாதியில் நகத்தால் சுரண்டினால் அசையாத அளவுக்கு இறுகியிருந்தது. கண்ணெதிரே இருக்கும் இதன் மேல்தான் இரண்டு முறை புதிய டிஸ்க்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள்! அவர் அதே டிஸ்க்கை மீண்டும் மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றிக் காட்டினார். முள் 0.11 மில்லிமீட்டர் வரை போய் வந்தது. பிறகு கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு மறுபடி அளந்தார்: 0.03. இதற்கு ஆனது இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தைத்தான் ஒன்றரை ஆண்டுகளாக எனக்கு யாரும் தரவில்லை.

வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்பதையும், பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகாமல் நகர்கின்றன என்பதையும், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் கிழியவில்லை என்பதையும் அதே நேரத்தில் பார்த்து முடித்தார். மைக்ரோமீட்டரால் டிஸ்க்கை எட்டு இடங்களில் அளந்தபோது தடிமனில் 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. டிஸ்க்கின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சத் தடிமன் 20 மில்லிமீட்டர், என்னுடையது 21.6 இருந்தது. ஆகவே லேத்தில் லேசாகச் சீவினாலே போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை என்றார். அப்படியென்றால் முன்பு பழைய இரும்புக்குப் போன டிஸ்க்குகளும் நல்லவையாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்து சக்கரத்தை மாட்டும்போது அங்கிருந்த உதவியாளர் காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னைக் கையில் எடுத்தார். அதைக் கண்மூடித்தனமாக அழுத்தினால் ஒரு நட்டு அளவுக்கு மீறி இறுகும், இன்னொன்று தளர்ந்திருக்கும். ஹப்பைத் தேய்த்த பாடெல்லாம் வீணாக, டிஸ்க் மறுபடியும் கோணலாகவே உட்காரும். நட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்கு அளவு 110 நியூட்டன் மீட்டர் என்று என் காரின் கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். முன்பு போன இடத்தில் அந்தக் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அந்த முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். துருப்பிடித்த ஹப்பின் படமும், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளும், இரண்டு பில்களும் கையில் இருக்கின்றன. அந்த டிஸ்க்குகளை எந்த அளவை வைத்துக் கழித்தீர்கள் என்று கேட்பேன். எண்ணைக் காட்ட முடியவில்லையென்றால் என் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.