தங்க வேட்டையில் வேட்டையாடப்பட்டவர்கள்

தங்கம் கிடைத்த இடத்தை நோக்கி ஊர் ஊராக மக்கள் ஓடுவதற்குத் தமிழில் ‘தங்க வேட்டை’ என்கிறோம். வேட்டை என்று சொல்லிவிட்டால் வேட்டையாடப்படுகிற உயிர் ஒன்று இருந்தாக வேண்டும். கலிபோர்னியாவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தச் சொல் உவமையாக நில்லாமல் நேர்ப்பொருளிலேயே பொருந்திவிடுவது என்னை உறுத்துகிறது. புதிய தொழில் ஒன்று சூடுபிடித்தவுடன் ‘இது ஒரு தங்க வேட்டை’ என்று பாராட்டாகச் சொல்பவர்களைக் கண்டு இதை எழுதுகிறேன்.

1848 ஜனவரி 24 அன்று, கொலோமா என்ற இடத்தில், ஜான் சட்டர் என்ற பெருநிலக்காரருக்காக மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், நீர் ஓடும் கால்வாயில் தங்கத் துணுக்குகளைக் கண்டார். ஒன்பது நாட்கள் கழித்து, போரில் தோற்ற மெக்சிகோ, தன் மண்ணில் கிடைத்த புதையலைப் பற்றி எதுவும் அறியாமலேயே கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த முதல் ஆண்டின் கோடையில் ஆறுகளில் தங்கம் அரித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பூர்வகுடிகள் என்று அங்கிருந்த ராணுவ ஆளுநரே தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். இந்தக் கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தச் செய்திதான். அவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை, தங்கள் ஆற்றில் தாங்களே இறங்கி வேலை செய்தார்கள்.

1848 டிசம்பரில் குடியரசுத் தலைவர் போல்க் தங்கச் செய்தியை நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியதும் நிலைமை தலைகீழானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 3,00,000 பேர் வந்து குவிந்தனர். புதிதாக வந்தவர்கள் பூர்வகுடிகளைத் துப்பாக்கி முனையில் ஆற்றங்கரைகளிலிருந்து விரட்டினர். பிறகு அந்த விரட்டலுக்குச் சட்டத்தின் உடை அணிவிக்கப்பட்டது. 1850 ஏப்ரலில், கலிபோர்னியா முறைப்படி ஒரு மாநிலமாவதற்கு முன்பே, அதன் சட்டமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மாதம் 20 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. மற்றொன்று, பூர்வகுடிகளின் ‘பாதுகாப்பு’ என்ற பெயரைத் தாங்கியபடி, அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வெள்ளையர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வழிசெய்தது. கொடுமையான சட்டங்களுக்குத்தான் எவ்வளவு கனிவான பெயர்கள்! 1851 ஜனவரியில் ஆளுநர் பீட்டர் பர்னெட், பூர்வகுடி இனம் அற்றுப்போகும்வரை அழிப்புப் போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் எனச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய உரையில் எழுதினார். அவர்களைக் கொன்ற தன்னார்வப் படைகளுக்கு அரசு தன் கருவூலத்திலிருந்தே பணம் கொடுத்தது. 1840-களின் பிற்பகுதியில் சுமார் 1,50,000 ஆக இருந்த பூர்வகுடி மக்கள்தொகை, நோயாலும் பட்டினியாலும் கொலையாலும் 1870 வாக்கில் சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. அது இனப்படுகொலைதான் என்று சொல்லி மாநில ஆளுநர் ஒருவர் மன்னிப்புக் கேட்பதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, வந்தவர்களாவது வாழ்ந்தார்களா? ஆற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கையில் ஒன்றும் தங்கவில்லை. வேலையாட்கள் அனைவரும் தங்கத்தைத் தேடி ஓடிவிட, ஆக்கிரமிப்பாளர்களிடம் நிலத்தையும் கால்நடைகளையும் பறிகொடுத்த சட்டர், நாடாளுமன்றத்துக்கு மனுப்போட்டுப் போட்டே 1880-இல் இறந்தார். தங்கம் தேடி வந்தவர்களுக்கு மண்வெட்டியும் தங்கம் அரிக்கும் தட்டும் விற்ற வணிகர் சாமுவேல் பிரானன் பெரும் பணக்காரரானார். ஆனால் கடைசியில் அவரும் அந்தச் செல்வத்தை இழந்தே இறந்தார் என்பதை, ‘தங்கம் தோண்டாதே, மண்வெட்டி விற்றுப் பிழை’ என்று அறிவுரை சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மனிதர்களுக்கு நேர்ந்தது மண்ணுக்கும் நேர்ந்தது. எளிதில் அரித்தெடுக்கக்கூடிய தங்கம் தீர்ந்ததும், 1853 முதல், பீரங்கி போன்ற குழாய்களில் நீரைப் பாய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்தார்கள். கரைந்த மலை வண்டலாகவும் சரளையாகவும் யூபா ஆற்றில் இறங்கி, அதன் படுகையை உயர்த்தி, கீழே இருந்த வயல்களையும் மேரிஸ்வில் நகரையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. கழிவை ஆற்றில் கொட்டக் கூடாது என்று நீதிபதி லோரன்சோ சாயர் 1884-இல் தீர்ப்பளிக்க, அந்தத் தொழில் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. நிலத்தை இழந்த உழவர்களுக்கு நீதிமன்றம் திறந்திருந்தது என்பதையும், பூர்வகுடிகளுக்கு அது திறந்திருக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தத் தீர்ப்பாலும் தடுக்க முடியாத ஒன்று அதற்கு முன்பே ஆற்றில் கலந்திருந்தது. சரளையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க வாய்க்கால்களில் ஊற்றிய பாதரசத்தில் சுமார் 1 கோடி பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,500 டன், கலிபோர்னியாவின் மண்ணிலும் நீரிலும் சிந்திப்போனதாக மதிப்பிடுகிறார்கள். அது வண்டலில் தங்கி, நுண்ணுயிர்களால் கொடிய நஞ்சாக மாறி, மீன்களின் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இன்றும் அந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் பிடிக்கும் மீன்களில் எதை எவ்வளவு உண்ணலாம் என்று, கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் குறிப்பிட்டு, அந்த மாநில அரசு எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது.