மீட்டிங் அறை கேமராவும் கரிக்கட்டை முகங்களும்

சிம்மக்கல்லில் இருக்கும் எங்கள் ஆபீஸ் மீட்டிங் அறையில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு மதுரை வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஜன்னலுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்தால், வீடியோ மீட்டிங் திரையில் வெறும் கரிக்கட்டைகள்தான். கேமரா மெனுவில் பேக்லைட் என்று ஒன்றை ஆன் செய்தால் முகம் தெரிகிறது, ஜன்னல் வெளுத்துப் போகிறது. சரி, ஜன்னலையா பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் அந்தக் கோடுகள். டியூப்லைட் போட்டாலே படத்தில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்து போகும். லைட்டை மாற்றினேன், வயரை மாற்றினேன், அரை நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், மெனுவின் அடியில் எங்கேயோ, விளக்கு மினுங்கலைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் செட்டிங் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் ஐயா! நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை என்று விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது, கேமரா வேறு தாளத்தில் பார்க்கிறது. மாற்றிய நிமிஷமே கோடு காணோம்.

படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், மஞ்சள் சேலை கட்டிய அக்கா வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் நீலம் பாரித்துவிடுகிறோம். அதையும் கையால் சரிசெய்து வைத்தேன்.

மறுநாள் காலையில் எந்தப் புண்ணியவானோ ரீசெட்டை அமுக்கியிருக்கிறார். மறுபடியும் 60.