ஸ்கியாதோஸில் இறங்குங்கள், ஸ்கோபெலோஸில் தங்குங்கள்

'மம்மா மியா' படம் எடுத்த தீவுக்குப் போகணும், எங்கே தங்கலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று தோழிகள் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருமே கிரேக்கத்தின் ஸ்கியாதோஸ் தீவில் ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி முன்பணமும் கட்டிவிட்டாள். தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். நான் இரண்டு முறை போனவள். முதல் முறை தவறான தீவில் அறை எடுத்தேன். அதனால் அம்மா ஒரு சின்னக் குன்றில் ஏறுவது ஐந்து வருஷம் தள்ளிப்போனது.

அம்மாவுக்கு ஆங்கிலப் படங்களே பழக்கமில்லை. 2008-ல் வந்த அந்தப் படத்தை அவர் பார்த்தது பல வருஷம் கழித்து, இங்கிலாந்தின் லெஸ்டரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது. பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக மகளை வளர்த்த ஒருத்தி, கல்யாணத்தன்று அந்த மகளுக்குத் தலைவாரிவிடும் காட்சி வந்ததும் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அப்பா போனபோது எனக்கு நாலு வயது. கோபியில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. படம் முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பாறை மேல கோயில் இருந்துச்சே, அது நெசமாலுமே இருக்குதா கண்ணு?"

இருக்கிறது. அதன் பெயர் ஆகியோஸ் இயோவானிஸ். நம் பேச்சில் சொன்னால் புனித அருளப்பர் கோயில். ஸ்கோபெலோஸ் தீவின் வடக்குக் கரையில், கடலுக்குள் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரும்பாறையின் உச்சியில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிரேக்கத் தீவு என்றதும் நம் கண்ணுக்குள் வருவது சாந்தோரினி. வெள்ளை வீடு, நீலக் கூரை, மரமே இல்லாத மலை. இந்தப் படம் அங்கே எடுக்கப்படவில்லை. சாந்தோரினியும் மிகோனோஸும் தெற்கே இருக்கும் சைக்ளேட்ஸ் கூட்டம். படத்தின் தீவுகள் ஏஜியன் கடலின் வடமேற்கில் இருக்கும் ஸ்போரடீஸ் கூட்டம். இங்கே பைன் மரங்கள் கடல் விளிம்பு வரைக்கும் இறங்கி வந்து நிற்கும். வீடுகளுக்குச் சிவப்பு ஓடும் பலகைக்கல்லும்தான் கூரை. படத்தில் அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டு சாந்தோரினிக்கு டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தின் தீவுக் காட்சிகள் கிரேக்கத்திலேயே எடுக்கப்படவில்லை. அவை குரோஷியாவின் விஸ் தீவில் எடுத்தவை. மனதில் நிற்கும் காட்சி எந்தப் பாகத்தில் வந்தது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்போரடீஸில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது வரிசையாக நிற்கும் மூன்று தீவுகளுக்குள். மேற்கே ஸ்கியாதோஸ், நடுவில் ஸ்கோபெலோஸ், கிழக்கே அலோனிசோஸ். விமான நிலையம் இருப்பது ஸ்கியாதோஸில் மட்டும். மற்ற இரண்டுக்கும் கடல் வழிதான். எல்லோரும் ஸ்கியாதோஸில் அறை எடுப்பதற்குக் காரணமும் இதுதான். நானும் அப்படித்தான் செய்தேன்.

2019 ஜூன். நான், அம்மா, அப்போது பத்து வயதான என் மகள். ஒரு வாரத்துக்கும் ஸ்கியாதோஸில் அறை. படத்தின் பெயரைச் சொல்லி விற்கும் ஒரு நாள் படகுச் சுற்றுலாவில் இடம் பிடித்தேன். காலையில் கிளம்பிக் கோயில் பாறை, ஒரு கடற்கரை, ஸ்கோபெலோஸ் நகரம் மூன்றையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம் என்றார்கள். படகில் கூட்டம் நெருக்கியது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. பாறையடியில் இறக்கிவிட்டு நாற்பது நிமிடம் என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. படிகள் பாறையிலேயே வெட்டியவை, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. வெயில் ஏறிவிட்டது. நூறு பேர் ஒரே நேரத்தில் ஏறவும் இறங்கவும் முண்டியடிக்க, அம்மா கால்வாசி தூரத்தில் நின்றுவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு மேல போயிட்டு வா கண்ணு" என்றார். நாங்களும் போகவில்லை. அங்கேயே அம்மாவோடு படியில் உட்கார்ந்துகொண்டோம். கொஞ்ச நேரத்தில் படகின் ஹாரன் ஒலித்தது.

அன்று ஸ்கோபெலோஸ் நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். ஒரு ஐஸ்கிரீமும் நாலு புகைப்படமும், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

பிறகு உட்கார்ந்து எந்தக் காட்சி எங்கே எடுத்தார்கள் என்று நிதானமாகத் தேடிப் படித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். படத்தில் வரும் கலோகைரி என்ற தீவு எந்த வரைபடத்திலும் கிடையாது. கலோகைரி என்றால் கிரேக்க மொழியில் கோடைக்காலம். 2007 கோடையில் படக்குழு பல இடங்களில் எடுத்ததைச் சேர்த்து ஒரே தீவாக்கினார்கள். மகளின் அப்பாவாக இருக்கக்கூடிய மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் சந்திக்கும் துறைமுகம் ஸ்கியாதோஸின் பழைய துறைமுகம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆடிக்கொண்டே வந்து படகுத்துறையில் நிறைகிறார்களே, அந்த இடம் தீவே இல்லை. எதிர்க்கரையில் பிலியன் மலையடிவாரத்தில் இருக்கும் தமூகாரி என்ற சின்னத் துறை. கடற்கரை ஆட்டங்கள் ஸ்கோபெலோஸின் கஸ்தானி கடற்கரையில் நடந்தன. அங்கே படத்துக்காகப் போட்ட மரப்பாலத்தையும் மதுக்கடையையும் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். கோயில் பாறை ஸ்கோபெலோஸ்தான், ஆனால் கோயிலின் உட்புறக் காட்சி லண்டன் பக்கத்தில் பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். படத்தில் அந்தத் தாய் டோனா நடத்தும் விடுதியும் செட்தான். அந்த விடுதியைத் தேடி அலைந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர். யாரும் அதைத் தேடாதீர்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஏமாற்றம் வரவில்லை. உண்மையில் நிம்மதியாக இருந்தது. படத்தில் பார்த்ததை ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் வேலை இனி இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் வேண்டியது அந்தப் படத்தின் காற்று. மலைமேல் ஒரு ஊர், கீழே கடல், காலையில் சேவல் சத்தம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள். அது கிடைக்க வேண்டுமென்றால் பகல் படகு திரும்பிப் போன பிறகும் அந்தத் தீவில் இருக்க வேண்டும்.

2024 மே கடைசியில் மறுபடி போனோம். ஸ்கியாதோஸில் இறங்கி, துறைமுகத்துக்கு டாக்சி பிடித்து, ஸ்கோபெலோஸின் லூத்ராகி துறைக்கு ஃபெர்ரி ஏறினோம். பக்கத்துத் தீவுதானே, சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்கோபெலோஸுக்கு இரண்டு துறைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று தலைநகரான கோராவில், இன்னொன்று தீவின் மறுமுனையில் லூத்ராகியில். லூத்ராகிக்கு நேர் மேலே மலையில் கிளோசா என்ற ஊர். அங்கேதான் ஐந்து நாள் இருந்தோம். தீவின் பஸ் கோராவிலிருந்து பனோர்மோஸ், மிலியா, எலியோஸ் வழியாக கிளோசாவுக்கும் லூத்ராகிக்கும் வருகிறது. கோயில் பாறைக்கு மட்டும் பஸ் கிடையாது. கிளோசாவிலிருந்து டாக்சியோ வாடகைக் காரோதான். ஒலிவ மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. ஓட்டுபவருக்கு நிதானம் வேண்டும்.

காலை ஏழரைக்குப் போனோம். ஒரு படகும் இன்னும் வரவில்லை. பாறையடியில் சின்னக் கூழாங்கல் கரை, பக்கத்தில் இன்னும் திறக்காத உணவுக்கடை. அம்மா ஒரு கையில் கைப்பிடியையும் மறு கையில் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். பத்துப் படி, ஒரு நிற்றல். பத்துப் படி, ஒரு நிற்றல். "அம்மாயி, அவசரமே இல்ல, இன்னைக்கு முழுக்க நமக்கு வேற வேலையே கிடையாது" என்று என் மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. உச்சியில் சில ஒலிவ மரங்கள், ஒரு மணி, பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் வெள்ளைக் கோயில். அம்மா செருப்பை வாசலில் கழற்றி வைத்தார். அங்கே யாரும் அப்படிக் கழற்றுவதில்லை, நாங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு மெல்லிய மெழுகுவர்த்தியை ஏற்றி மணலில் நட்டுவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு காலைக்காக மட்டும் ஸ்கோபெலோஸைச் சொல்லவில்லை. மாலையில் கிளோசாவின் திண்ணைகளில் உட்கார்ந்தால் எதிரே ஸ்கியாதோஸ், அதற்குப் பின்னால் பிலியன் மலை, அந்தப் பக்கம் சூரியன் இறங்கும். கோராவில் சந்துக்குச் சந்து ஒரு குட்டிக் கோயில் எதிர்ப்படுகிறது. பன்னீர் மாதிரி இல்லாமல் உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை மெல்லிய மாவில் சுருட்டி, முறுக்கு மாதிரி வட்டமாகச் சுற்றி எண்ணெயில் பொரிக்கிறார்கள். இந்தத் தீவின் பேர்போன பலகாரம் அது. அம்மா சுத்த சைவம், அவருக்கு அதுதான் தினமும் காலை டிபன். சைவம் கிடைக்காதோ என்று பயப்படவே வேண்டாம். கிரேக்கர்களுக்கு நோன்பு நாட்கள் நிறைய, அதனால் அவர்கள் சமையலில் மாமிசம் இல்லாத பதார்த்தங்களுக்குக் குறைவில்லை. தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ், கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட ப்ரியாம், எலுமிச்சை பிழிந்த கீரை. "நோன்புச் சாப்பாடு" என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள், நிஸ்தீசிமோ என்பது அதற்கான சொல்.

ஸ்கியாதோஸை நான் மட்டம் தட்டவில்லை. சின்னக் குழந்தைகள் இருந்தால், மணல் கடற்கரைதான் முக்கியம் என்றால், இரவில் கடைத்தெரு கலகலவென்று இருக்க வேண்டுமென்றால் அதுவே சரி. ஸ்கியாதோஸின் குக்குனாரியேஸ் கடற்கரை மாதிரி மெத்தென்ற மணல் ஸ்கோபெலோஸில் கிடைக்காது, அங்கே பெரும்பாலும் கூழாங்கல்தான். ஸ்கியாதோஸில் படகில் மட்டுமே போக முடிகிற லலாரியா கரையின் வெள்ளைக் கற்களைப் பார்த்து என் மகள் வாயடைத்துப் போனாள். விமான நிலையத்தின் ஓடுபாதை 1,628 மீட்டர்தான் என்பதால் விமானங்கள் சாலையில் நிற்பவர்களின் தலைக்கு மேலேயே தாழ்ந்து வந்து இறங்கும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். கிரேக்கச் சிறுகதையின் பெரிய பெயரான அலெக்ஸாந்த்ரோஸ் பாபாதியாமாந்திஸ் 1851-ல் பிறந்து 1911-ல் இறந்ததும் இந்தத் தீவில்தான். அவருடைய எளிய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எழுத்து பிடித்தவர்கள் அரை மணி நேரமாவது அங்கே செலவிடுங்கள். நான் சொல்வதெல்லாம், படத்துக்காகப் போகிறவர்களுக்கு இந்தத் தீவு வாசல். வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடாதீர்கள்.

அலோனிசோஸ் படத்தில் இல்லை, அதனால் யாரும் கேட்பதே இல்லை. எனக்கு மூன்றில் அதுதான் இரண்டாவது. 1965 நிலநடுக்கத்தில் மலைமேல் இருந்த பழைய ஊர் சேதமாகி, மக்களைக் கீழே பதித்திரி துறைமுகத்துக்குக் குடியேற்றினார்கள். அந்தப் பழைய ஊரைப் பிறகு பலர் வாங்கிச் செப்பனிட்டிருக்கிறார்கள். அரிதான துறவி சீல் என்ற கடற்பாலூட்டிகளைக் காப்பதற்காக 1992-ல் அமைத்த தேசியக் கடல் பூங்கா இந்தத் தீவைச் சுற்றித்தான் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கி ஸ்கோபெலோஸிலிருந்து போய் வாருங்கள். நீங்கள் சீலைப் பார்ப்பது சந்தேகம், ஆனால் அந்த அமைதியை உணர்வீர்கள்.

எப்போது போவது? மே கடைசி, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று வீசும். கோயில் பாறை இருப்பது வடக்குக் கரை, காற்று பலமாக இருந்தால் படகுகள் அங்கே போகாது. மே மாதத்தில் கடல் இன்னும் குளிராகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு இருப்பவர்கள் ஷெங்கன் விசாவுக்குச் சீக்கிரமே நாள் வாங்குங்கள், அம்மாவுக்கு அதற்காக நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஊரிலிருந்து வருபவர்கள் ஏதென்ஸிலிருந்து ஸ்கியாதோஸுக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம், அல்லது வோலோஸ் துறைமுக நகரம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஃபெர்ரி ஏறலாம். வோலோஸ் வழியாக வந்தால் தமூகாரியையும் பார்த்துவிடலாம்.

சரி, முன்பணம் கட்டிவிட்ட தோழிக்கு. பணம் திரும்ப வராது என்றால் அறையை விடாதே. ஆனால் படத்தின் பெயர் போட்ட சுற்றுலாப் படகில் மட்டும் ஏறாதே. காலையில் ஊர்க்காரர்கள் போகும் சாதாரண ஃபெர்ரியில் லூத்ராகிக்குப் போ. திரும்பும் ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள். துறையில் இறங்கியதும் டாக்சி பேசிக்கொள், திரும்பி வந்து கூட்டிப்போகச் சொல்லி அவர் நம்பரையும் வாங்கிக்கொள். உன் மாமியாருக்கும் கால் வலி என்றாயே, அவரை நிழலிருக்கும்போதே ஏறச் சொல். எவ்வளவு நேரமானாலும் கீழேயிருந்து யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.