அது ஜமீன் பங்களா அல்ல

எங்கள் ஊர்ப் பண்ணையாரின் பழைய வயல்வீட்டைப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேளிக்கைப் பூங்காக்காரர்கள் வெளியிட்ட படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பாழடைந்த பாரம்பரிய வீட்டுக்குப் புத்துயிர்." கீழே வரிசையாக இதயக் குறிகள். நான் கேட்டது ஒரே கேள்வி: சுண்ணாம்புச் சுவரின் மேல் ஏன் சிமென்ட் பூசினீர்கள்? அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த பட்டங்களும் உங்களுக்குத் தெரியும். அவற்றில் மரியாதையானது 'வயிற்றெரிச்சல் பேர்வழி'.

மறுபடியும் சொல்கிறேன். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. பழைய வீடுகளில் கைவைத்த கொத்தனார் எவரையும் கேளுங்கள். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசுவதற்கு நாள் பிடிக்கும். கோடை விடுமுறைக்குள் திறந்தாக வேண்டியவர்களுக்கு நாள் பிடிக்கும் வேலை பிடிக்காது.

"இடிக்காமல் விட்டார்களே, அதற்கு நன்றி சொல்." சரி, நன்றி. கூரை சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து நின்ற வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்து வந்து, மீண்டும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்த வீட்டுக்கு அவ்வளவு பொறுமை. நின்ற இடத்திலேயே நிற்கும் வீட்டுக்கு இரண்டு லாரி சிமென்ட்.

வெளிநாட்டைப் பார் என்றார் ஒரு நண்பர். பார்த்தேன். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குள் ஒரு பிரபுவின் மாளிகை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் கூரையின் ஈயத்தைக்கூட உரித்து விற்றார்கள். இன்றும் பெரும்பகுதி கூரையின்றித்தான் நிற்கிறது. 2000இல் அதற்குள்ளேயே ஒரு சவாரியையும் வைத்துவிட்டார்கள். அவர்களும் ராட்டினம் சுற்றிப் பிழைப்பவர்கள்தானே? ஆனாலும் பாழைப் பாழாகவே காட்டுகிறார்கள்.

"அவர்கள் சொத்து, அவர்கள் பணம்." ஆமாம். அதற்காகக் கேள்வியும் அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்வதா?

"பண்ணையார் வீட்டுக்கு நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்டீர்களே, அதுதான் இரவு தூங்கவிடவில்லை.

என் ஆயா அந்தக் களத்தில் நெல் தூற்றியவர். முன்வாசல் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, உட்கார விட்டதில்லை. கூலி நெல்லைப் பின்வாசலில்தான் அளந்து போடுவார்களாம். படியைக் குவித்து அளக்காமல் தலைதட்டி அளப்பார்கள் என்று சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது அங்கே கூட்டிக்கொண்டு போனார். பின்வாசல் படிக்கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. "எல்லாம் எங்கள் கால்தான்" என்றார். அதில் பெருமை இருந்ததா கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் பண்ணையாருக்காக அழவில்லை, ஐயா.

இப்போது வாசலில் 'ஜமீன் பங்களா' என்று பலகை. எங்கள் ஊரில் ஜமீனே கிடையாது! அது வயல்வீடு. நெல்லுக்காகக் கட்டிய வீடு. மச்சில் விதைநெல், கீழே நெல் கொட்டும் மரப் பத்தாயம், மூலையில் மண் குதிர். மனிதர்களுக்கு மிச்சமிருந்த இடம் கொஞ்சம்தான். பத்தாய அறையில் இன்று ஐஸ்கிரீம் விற்கிறார்கள். களம் கார் நிறுத்துமிடம். நடுக்கூடத்தில் எவர் வீட்டு ராஜாவோ மீசையோடு படத்தில் சிரிக்கிறார்.

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பின்வாசலைத் தேடினேன். அடைத்துச் சுவர் எழுப்பி, மேலே தோகை விரித்த மயில் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று குழந்தைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் படிக்கல் எங்கே என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை பதில் வந்தது: நுழைவு டிக்கெட்டில் எனக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.