பார்க்க வேண்டியது மண்ணை, நாட்காட்டியை அல்ல

சதைப்பற்றான இலை, தண்டில் நீரைச் சேமித்து வைக்கும் சக்யுலன்ட் செடிகளுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லும் கட்டுரைகள் உண்டு. அந்த நாள் கணக்குதான் வம்பு. தொட்டியின் அளவு, வெயில், காற்று எல்லாம் மாறும்போது மண் காயும் வேகமும் மாறும். மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம், வேர் அழுகுவது அடியில்தான்.

ஊற்றினால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். தொட்டி மண் ஒரு பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு கலந்தால் போதும். பொடிமணல் இறுகிவிடும். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தப்புக் கணக்கு: ஈரம் கல்லடுக்குக்கு மேலேயே தங்கி வேரை நெருங்கும்.

இலை மஞ்சளாகிக் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் உதிர்ந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. சுருங்கினால் தாகம் என்பார்கள். வேர் அழுகினாலும் இலை சுருங்கும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் மேலும் ஊற்றாமல் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்துக் குழைந்திருந்தால், வெட்டுமுகத்தில் கறுப்பு தெரியாத இடம்வரை தண்டை நறுக்கி, நான்கைந்து நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த கலவையில் நடலாம்.

கூழாங்கல் போலவே தோன்றும் லித்தாப்ஸ் என்ற சக்யுலன்ட் மட்டும் விதிவிலக்கு. புது இலை வரும்போது பழைய இலை சுருங்குவது இயல்பு. அது காகிதமாகக் காயும்வரை சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.